ஒன்பது வீட்டுத் துணி

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கடையில் எவ்வளவு அழகான சட்டை விற்றாலும் சரி, முதல் சில நாட்களுக்குப் பழந்துணிதான். நன்றாக வாழ்ந்த வீட்டுப் பழந்துணி என்றால் கேட்டே வாங்கி வருவார்கள். துவைத்துத் துவைத்து நைந்துபோன சேலையின் மெதுமெதுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. கோவில்பட்டியில் என் வீட்டு மாடி அறையில் நாங்கள் ஒன்பது பெண்கள் சனிக்கிழமைதோறும் கூடித் தைத்தது இந்த வழக்கத்தை நம்பித்தான்.

எங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பசுவந்தனைப் பக்கமிருந்தும் அதற்கு உள்ளே இருக்கிற ஊர்களிலிருந்தும் பிரசவத்துக்கு வருகிற பெண்களில் சிலர் கட்டிய சேலையோடு பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள், பிள்ளையைப் போட ஒரு விரிப்புகூட இருக்காது என்று ஒரு நாள் சொன்னார். என்னிடம் இரண்டு தையல் மெஷின்கள் சும்மா கிடந்தன. என் வாயும் சும்மா கிடக்காது. தைத்துக் கொடுத்தால் போயிற்று என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு விரிப்புக்கு ஒன்பது சதுரம். ஒன்பது பேர் வீட்டிலிருந்தும் ஒவ்வொன்று. அடியில் பழைய வேட்டி இரண்டு மடிப்பு. அவரவர் துணியை அவரவரே வெந்நீரில் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துக் கொண்டுவர வேண்டும். வெட்டுகிற வேலை என்னுடையது. யாராவது பார்க்க வந்தால் நான் ஒரு பிரசங்கமே வைத்திருந்தேன். ஒரு வீட்டுத் துணி இல்லை, ஒன்பது வீட்டுத் துணி, ஒன்பது வீடும் சேர்ந்து அந்தப் பிள்ளையைத் தாங்குகிறது என்பேன். சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும். இப்போது நினைத்தால் அந்தத் தொண்டையைப் பிடித்து நெரிக்கலாம் போலிருக்கிறது.

ஒன்பது பேரில் ஒருத்தி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து வருவாள். திருப்பூரில் பல வருஷம் தையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். எங்களில் மற்றவர்களெல்லாம் தைப்பவர்கள். அவள் ஒருத்திதான் தையல்காரி. என் பழைய மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தபோது, இரண்டு திருகு திருகிச் சரிசெய்ததும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் ஒரே கோவிலில், சில நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் செய்கிறவர்கள். என் வீட்டில் எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான், வித்தியாசம் கிடையாது. அதை நான் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன். பெருமையாகச் சொல்ல வேண்டியிருந்ததிலேயே கோளாறு இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை. இன்னொன்றும் உறைக்கவில்லை. அவளும் நர்ஸும் ஏறக்குறைய ஒரே வயது. நர்ஸை நான் "வாங்க" என்பேன். அவளை "வாட்டி" என்பேன். அதைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாதி என்ற சொல்லைச் சொல்லாமலே இதை எழுதிவிட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. நான் செய்தது இதுதான். எட்டு வீட்டுத் துணியைப் பிரித்ததும் அப்படியே மேஜையில் போட்டு வெட்டுவேன். அவள் கொண்டுவந்த துணியை மட்டும் தனியே எடுத்துவைத்து, எல்லோரும் போன பிறகு, பக்கெட்டில் கிருமிநாசினி இரண்டு மூடி ஊற்றி ஊறவைத்து, இன்னொரு தரம் அலசி மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டுத்தான் கத்தரி வைப்பேன். முதல் வாரம் பச்சைப்பிள்ளைக்குத்தானே என்று சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு காரணம் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டேன். கை அதுபாட்டுக்குச் செய்தது.

இங்கே தண்ணீர் பாடு தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். குழாயில் தண்ணீர் வருகிற நாளை எண்ணிக்கொண்டு குடத்தை வரிசையில் வைக்கிற ஊர். அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவள் நான். மகன் குளிக்கும்போது இரண்டு செம்பு கூட ஊற்றினால் வாசலில் நின்று கத்துவேன். அப்படிப்பட்டவள், ஏற்கெனவே துவைத்து, மடிப்புக் கலையாமல் வந்த துணிக்காக வாராவாரம் இரண்டு பக்கெட் தண்ணீரைக் கொட்டினேன். எத்தனை மாதம் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஒரு வாரம் அலச நேரமில்லாமல் போய், சனிக்கிழமை காலையில் வைத்துக்கொண்டேன். மதியம் இரண்டு மணிக்குத்தான் எல்லோரும் வருவார்கள். அவளுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, முந்தின வாரம் விட்டுப்போன ஓரத்தை அடித்து முடிக்கலாம் என்று பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாள். கீழே நான் இல்லாததைப் பார்த்து மொட்டைமாடிக்கே ஏறி வந்தாள். நான் வாயில் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டு அவளுடைய நீலச்சேலையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பூப்போட்ட சேலை. அவள் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் அதைக் கட்டியிருந்தாள் என்று எனக்கே ஞாபகம் இருந்தது. பக்கத்தில் அவளுடைய இன்னும் இரண்டு துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"வெந்நியில போட்டு அலசித்தானக்கா கொண்டாந்தேன்" என்றாள்.

கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "காத்துல புழுதி படிஞ்சிட்டுட்டி, அதான்" என்றேன். சுத்தப் பொய். முந்தின வாரம் வந்து இன்னும் வெட்டாமல் இருந்த மற்ற எட்டு வீட்டு மூட்டைகளும் படிக்கட்டின் மேல்படியில், அவள் தாண்டி வந்த இடத்தில், மடித்தது மடித்தபடி உலர்ந்து கிடந்தன. கரிசல் புழுதி வீடு பார்த்து விழாது. அவள் திரும்பி அந்த எட்டையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு சேலையின் மறுமுனையைப் பிடித்து, என்னோடு சேர்ந்து பிழிந்து, சுருக்கம் எடுத்துக் கொடியில் போட்டாள். கிளிப்பும் மாட்டினாள். அவள் சண்டை போட்டிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன், அதில் எனக்குக் கைதேர்ச்சி உண்டு. கூட நின்று பிழிந்தவளிடம் என்ன செய்வது?

அடுத்த சனிக்கிழமை அவள் கடைப்பையோடு வந்தாள். உள்ளே கட்பீஸ் துணி, நல்ல நீலம், கடை மடிப்பு கலையாமல், விலைச்சீட்டு ஒட்டியபடி. மேஜையில் என் முன்னால் வைத்தாள்.

"புதுசுக்கா. யாரும் உடுத்தல" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. நர்ஸ் பக்கத்தில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், அவருக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் கேட்டிருக்கும். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இது எதற்கு, உன் பழைய சேலையே கொண்டுவா என்று சொல்லியிருக்கலாம். சரி என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

பருத்தியில் புதுத்துணி என்றால் நனைத்து, காயவைத்து, சுருங்குவது சுருங்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். தையல் படிக்கிற முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் துணியை நான் எப்படித் தண்ணீரில் போடுவேன்? மறுபடியும் அவள் துணி என் மாடிக் கொடியில் தொங்குவதா? அலச வேண்டாத துணியை மாதக்கணக்கில் அலசியவள், அலசியே தீர வேண்டிய ஒரு துணியை அப்படியே வெட்டினேன். அந்த வாரம் தைத்த நான்கு விரிப்புகளுக்கும் நட்டநடுவில் அந்த நீலச் சதுரத்தை வைத்தேன். நடுவில் வைத்தால் அவளுக்கு மனம் ஆறும் என்று எனக்கு ஒரு கணக்கு. என்ன புத்தி பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் அதில் ஒரு விரிப்பைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். ஒரு தரம்தான் துவைத்திருக்கிறார்கள். நடுச்சதுரம் சுருங்கி, சுற்றியிருந்த எட்டையும் தன் பக்கம் இழுத்து, விரிப்பு முழுவதும் கோணிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நின்றது. நீலச்சாயம் இறங்கி எட்டு வீட்டுத் துணியிலும் படர்ந்திருந்தது. மற்ற மூன்றும் எந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கு அடியில் அப்படிக் கிடக்கின்றனவோ, இன்றுவரை தெரியாது.

யார் புதுத்துணி வைத்தது என்று நர்ஸ் கேட்டார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் கத்தரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான். வீட்ல பழசு இல்ல, அதான் கடையில எடுத்தேன்" என்றாள் அவள்.

எங்களில் மூத்தவர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். பழந்துணி இல்லாத வீடும் உண்டா என்று அவர் சிரித்தார். திருப்பூர் பணம் பேசுகிறது என்றார் இன்னொருவர். புதுப்பணக்காரியிடம் அடுத்த வாரம் பட்டுத்துணி கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்ன பேச்சில்லை. எங்கள் கூட்டத்தில் எப்போதும் ஓடுகிற கேலிதான். அவளும் சிரித்தாள். திருப்பூரில் தேர்ந்த தையல்காரி, நனைக்காத துணியைக் கொண்டுவந்து விரிப்பைக் கெடுத்தவள் என்று எட்டுப் பேர் முன்னால் பெயர் வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு வந்தது ஆத்திரம். என் மேல் வர வேண்டியது, மற்றவர்கள் மேல் வந்தது. மேஜையில் கத்தரியைப் போட்டு எழுந்தேன்.

"அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ கொண்டாந்த பழந்துணிய நாந்தான் வாராவாரம் திரும்ப அலசினேன். அவ துணிய மட்டும். அத அவ கண்ணால பாத்துட்டா. அதான் புதுசு வாங்கியாந்திருக்கா."

சொல்லிவிட்டு நின்றேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நன்றாகத் திட்டு வாங்கி, இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று என் மனம் அதற்குள் நாடகம் போட்டு முடித்திருந்தது.

யாரும் திட்டவில்லை. டீச்சர்தான் முதலில் பேசினார், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

"அதுல என்ன இருக்கு. பச்சப்பிள்ள படுக்குதது. ஒருக்கா கூட அலசினா நல்லதுதான."

இரண்டு பேர் தலையசைத்தார்கள். நர்ஸ் விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மற்றவர்கள் தைக்கிற ஊசியைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அது ஆச்சரியமாக இல்லை. நான் அலசியிருப்பேன் என்று எல்லோரும் நினைத்தேதான் இருந்திருக்கிறார்கள். நினைத்துக்கொண்டே, நிம்மதியாக, அவளோடு ஒரே தட்டில் முறுக்கு எடுத்துத் தின்றிருக்கிறார்கள்.

அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"பழசு இல்லன்னு சொல்லி முடிச்சிட்டேம்லாக்கா. அத அப்படியே விட்டிருக்கக் கூடாதா?"

அப்போதுதான் நான் செய்த இரண்டாவது காரியம் எனக்குப் புரிந்தது. மாடியில் நடந்தது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அதை மூடிவைக்க அவள் கைக்காசு போட்டுத் துணி வாங்கினாள், கெட்டபெயரும் வாங்கினாள். நான் என் நெஞ்சுப் பாரத்தை இறக்க, அதை எல்லோர் முன்னாலும் விரித்துப்போட்டேன். அந்த டீச்சர் வாயால் அவள் அதைக் கேட்கும்படி வைத்தது நான்தான். அலசியதுகூட அவள் முதுகுக்குப் பின்னால் செய்தது. இது முகத்துக்கு நேரே.

அவள் மேஜையில் கிடந்த பிளேடை எடுத்தாள். விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு நடுச்சதுரத்தின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான்கு பக்கமும், உள்ளே ஓடிய குறுக்குத் தையலும். ஒரு இழை கிழியவில்லை, அக்கம்பக்கத்துச் சதுரங்களில் பிளேடு படவில்லை. ஃபேன் சத்தத்தில் எட்டுப் பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிரித்து முடித்ததும் உதிர்ந்த நூல் துண்டுகளைக்கூட உள்ளங்கையில் கூட்டி எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். நீலச் சதுரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நடுவில் அடிவேட்டி வெளியே தெரிய விரிப்பு என் மேஜையில் கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமை வரவில்லை. இரண்டு தரம் அவளைப் பார்க்க என்று கிளம்பி, ரயில்வே கேட் வரை போய்த் திரும்பி வந்தேன். கேட் மூடியிருந்தது என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பார்க்கிறேன். நான் இடம் தேடி நின்றால் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிறாள். நல்லா இருக்கீங்களாக்கா என்று கேட்கிறாள். ஒரு நாள் வாசலில் எதிர்ப்பட்டபோது நான் அவளை "வாங்க" என்றேன். அவள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். புதிதாக முளைத்த அந்த மரியாதையும் அவளைத் தள்ளி நிறுத்துவதாகத்தான் விழுந்தது. "வாட்டி" என்று கூப்பிடவும் எனக்கு இப்போது நாக்கு எழவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், அவள் கண்ணில் படுவதற்கு முன்பே சில நாள் பின்வாசல் வழியாக வெளியேறிவிடுகிறேன்.

தையல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் பிறந்துகொண்டுதானே இருக்கின்றன. போன மாதம் பார்க்க வந்தவர்களிடம் டீச்சர், என்னுடைய பழைய பிரசங்கத்தை என்னைவிட அழகாகச் சொன்னார். ஒன்பது வீட்டுத் துணி என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. எங்களுக்கு இப்போது எட்டு வீடுதான். ஒன்பதாவது சதுரத்துக்கு என் சேலையிலேயே இன்னொரு துண்டு வெட்டுகிறேன். அது துவைத்த துணியா என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.