வேண்டாம் என்று சொன்னவர்

மூலக்குளம் சிக்னலில் நிற்கும்போது செய்தி வந்தது. டாக்டர் அமலநாதன் காலையில் போய்விட்டாராம், மாரடைப்பு. நான் வண்டியைத் திருப்பவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார்.

அமலநாதன் ஈரல் மருத்துவர், நான் அறுவை மருத்துவன். ஈரல் செயலிழந்து மோசமாகி வருகிறவர்களில் யாருக்கு மாற்று ஈரல் வைக்கலாம், யாருக்கு வைத்தும் பயனில்லை என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் பல வருடம் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒத்துப்போன நாட்கள் குறைவு. மகா பிடிவாதக்காரர். "ரிப்போர்ட்ட வச்சிக்கினு பேசாதீங்கப்பா, மேல போய் ஆளப் பாத்துட்டு வாங்க" என்று எங்களை மாடியேற்றுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

பாகூரிலிருந்து நம் மருத்துவமனைக்கு வந்த கலைச்செல்வியை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை குடித்து, பத்தியம் இருந்து, நினைவு தப்பிய பிறகே கொண்டுவந்தார்கள். கரும்பு பயிரிடும் அவள் அண்ணன் முருகன் தன் ஈரலில் பாதியைத் தரத் தயாராக இருந்தான். அதற்குள் அவள் ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது. அறுவையை அவள் தாங்காவிட்டால் அண்ணனையும் வீணாக அறுத்ததாகிவிடும். ஐந்து பேரில் மூவர் வேண்டாம் என்றோம். அமலநாதன் செய்யலாம் என்று ஒரு மணி நேரம் வாதாடித் தோற்றார்.

வெளியே போய்ச் சொன்னதும் அவர்தான். முருகன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "குடுக்கறவன் நானு. வேணான்னு சொல்ல நீ யாருய்யா?"

"நான்தாம்பா வேணான்னேன். வேற யாரையும் கேக்காத."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் இறந்தாள். அறுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்பது இன்றும் யாருக்கும் தெரியாது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அமலநாதனைக் கேட்டேன். "கமிட்டின்னு சொன்னா அவன் யாரப் போய்த் திட்டுவான்?" என்றார்.

அமலநாதனை அடக்கம் செய்த வில்லியனூர் கல்லறைத் தோட்டத்துக்கு முருகனும் வந்திருந்தான். மண் போட்டு முடிந்ததும் அவனைத் தனியே அழைத்து, செய்யலாம் என்றவர் அவர், வேண்டாம் என்றவன் நான் என்று சொன்னேன்.

"ரோட்டுல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போவேன் சார் அவர. செத்தவர் மேல கோவம் எதுக்குன்னுதான் வந்தேன். நீங்க இன்னாத்துக்கு இத்தினி நாளா வாயத் தொறக்கல?"

அமலநாதன் போனபின் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான்.