பட்டன் போனுக்கு வராத அழைப்பு

அருள்புரத்தில் புது 4ஜி எக்ஸ்சேஞ்சைப் பழைய 2ஜியோடு நான் இணைத்த மறுநாள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா பட்டன் போனோடு டவரடிக்கு வந்தார்.

"மகளப் பிரசவத்துக்கு ஆசுபத்திரில சேத்திருக்கறாங்க. காலைல இருந்து ஒரு போனும் வரலீங்க."

"சிக்னல் ஃபுல்லா இருக்குதுங்க. பழைய போனை மாத்துங்க," என்றேன்.

அவர் நகரவில்லை. "நீங்களே ஒருக்கா கூப்புட்டுப் பாருங்க."

கூப்பிட்டேன். அவர் கையில் போன் ஊமையாக இருந்தது. பட்டன் போன் 2ஜியில் மட்டுமே இயங்கும். 4ஜி அழைப்பை 2ஜிக்குக் கைமாற்றும் கட்டளையையே நான் எழுதாமல் விட்டிருந்தேன். சோதித்ததெல்லாம் புதுப் போன்களில்.

லேப்டாப்பில் கட்டளையைச் சேர்த்ததும் அவர் போன் அலறியது. அழைத்தது அவர் மருமகன்.

"எத்தன தடவைங்க அத்தை கூப்புடறது? அவளுக்கு ரத்தம் வேணும், உங்க குரூப்புதானுங்க."

அவரைப் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். "நீங்க நல்லா இருக்கோணுங்க," என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கா ரத்தம் கொடுக்க, தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். அழைப்பைத் தடுத்ததே நான்தான் என்று அந்த அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.