எங்கேயும் பறிபோகும் பட்டம்

முகமூடி மாட்டி மல்யுத்தம் செய்யுற எங்க தொழில்ல, மேடையில அடி வாங்குறது சுலபம். ஜெயிச்ச பட்டத்தோட வீடு போய்ச் சேருறதுதான் பெரும்பாடு. ஏன்னா எங்க குழுவுல ஒரு சட்டம் உண்டு. எங்கன, எப்போ ஆனாலும் சரி, வெளியாளா இருந்தாலும் சரி, யாராவது என் ரெண்டு தோளையும் தரையில அமுக்கி, நடுவர் மூணு எண்ணிட்டா பட்டம் அவங்களுக்கு. வர்ற திருவிழாவுக்கு உவரியில பட்டக்காரனுக்குத்தான் கடைசியா நடக்குற பெரிய போட்டி. இத்தனை வருசம் அடி வாங்கினவனுக்கு இப்பத்தான் அந்த எடம் அமைஞ்சிருக்கு, விடுவேனா? இப்படி எதையாவது காபந்து பண்ணி அலைஞ்சவங்களுக்கு என் வேதனை புரியும்.

பஸ்ஸில்

விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸுல நல்ல கூட்டம். ஒரு பெரியவர் எந்திரிச்சு எனக்கு எடம் விட்டாரு. சும்மா யாராவது எடம் விடுவாங்களா? நடுவர் ஒளிஞ்சிருக்காரான்னு சீட்டுக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்துட்டு, கம்பியில முதுகை ஒட்டி நின்னுக்கிட்டேன். அவருக்குக் கோவம் வந்துட்டு.

"என்ன வே, எந்திரிச்சு எடம் விட்டது ஒரு குத்தமா?"

ஆத்தில்

எங்க நடுவர் வேற யாருமில்ல, என் பொண்டாட்டி செல்வியோட தம்பிதான். முக்கூடல் ஆத்துல குளிக்கும்போது, 'நீல நாகம்' வேசம் கட்டுற கூட்டாளி சோப்போட பல்லைக் காட்டிக்கிட்டு வாரான், முதுகு தேய்ச்சு விடுதானாம்! திரும்பிப் பாத்தா மருதமரத்துக்குப் பின்னால துண்டால தலையை மூடிக்கிட்டு மச்சினன். அட பாவிகளான்னு கழுத்தளவு தண்ணிக்குப் போயிட்டேன். தண்ணிக்குள்ள தோளை எங்கன அமுக்குறது? ரெண்டு பேரும் கரையிலயே குத்தவச்சுட்டாங்க. எனக்குக் கைவிரலெல்லாம் சுருங்கிட்டு. கடைசியில மச்சினன்தான் எந்திரிச்சான்.

"அத்தான், பைய ஏறி வாங்க. வயித்துப் பசியோட என்னால மூணு எண்ண முடியாது."

வீட்டில்

மல்லாந்தா ஆபத்துன்னு வீட்லயும் சுவத்துல சாஞ்சுதான் தூக்கம். இடுப்பு புடிச்சுக்கிட்டு, கண்ணு ரெண்டும் கோவைப்பழம். செல்வி காப்பி தந்தாக்கூட மோந்து பாத்துதான் குடிச்சேன். திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் தைலக் குப்பியோட வந்து, "குப்புறப் படுங்க"ன்னா. குப்புறத்தானே, பயமில்லைன்னு தரையில படுத்தேன். ஆகா, என்ன சொகம்! அவ "இப்பத் திரும்புங்க"ன்னு சொல்லவும் தூக்கக் கலக்கத்துல திரும்பிட்டேன். ரெண்டு கையும் என் தோள்மேல இறங்கிட்டு. அடுக்களையில இருந்து ஓடிவந்த மச்சினன், வாயில வடையோட தரையைத் தட்டி மூணு எண்ணிட்டான்.

எனக்கு அழுகையே வந்துட்டு. "உவரிப் போட்டிக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன்னு தெரியும்லா, நீயே இப்படிச் செய்யலாமா?"ன்னு கேட்டேன். பட்டத்துப் பெல்ட்டை இடுப்புல கட்டிக்கிட்டே சொன்னா:

"உவரிக்கு நான் போய்க்கிடுதேன். என்னையே களவாணி மாதிரிப் பாத்த அந்தக் கண்ணை, இனியாவது மூடித் தூங்குங்க."

ஊர்ல உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன் ஒரு தைலக் குப்பியை நம்பிட்டேன், அவ்வளவுதான் வே.