நைஜல் விட்டுப்போன உயரம்

நைஜலின் மடக்கு சைக்கிள் ஐந்து வாரமாக நடையில் விரித்தபடியே நின்றது. அந்த வெள்ளிக்கிழமை மாலை வேலையிலிருந்து வந்தவன், பால் வாங்க மறுபடி போகவேண்டும் என்று அதை மடிக்காமல் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவேயில்லை. அன்றிலிருந்து அவன் மனைவி ஹெதர் அதை உரசாமல் பக்கவாட்டில் திரும்பித்தான் சமையலறைக்குப் போய்வந்தாள். அதன் இருக்கை அவன் கடைசியாக உட்கார்ந்த உயரத்தில் இருந்தது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் யாராவது வந்து தொட்டு நகர்த்தியாகிவிட்டது.

ஹெதர் சைகைமொழி பெயர்ப்பவள். அவள் அம்மாவுக்குக் காது கேட்காது. ஆகவே பேச்சு வருமுன்பே அவளுக்குக் கை பேசவந்தது. நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று லண்டன் முழுவதும் தன் மடக்கு சைக்கிளோடு ரயிலேறி அலைந்து பிழைத்தவள். இன்று பத்து மணிக்குத் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் இர்மாவின் வழக்கு. சலவை ஆலையில் வேலைபோன இர்மாவுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. ஹெதர் போய்ச்சேராவிட்டால் எதிர்த்தரப்பு சொல்வதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவைத்தாகிவிட்டது. இனித் தள்ளமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள்.

காலையில் பார்த்தால் ஹெதருடைய சைக்கிளின் சட்டம் மடங்கும் இடத்துப் பூட்டின் திருகு மரை தேய்ந்து, இறுக்க இறுக்க வழுக்கியது. வாட்டர்லூவரை ரயில் உண்டு, அங்கிருந்து போகப் பாதாள ரயில் கிடையாது, வேலைநிறுத்தம். பேருந்தை நம்பினால் மதியம் ஆகிவிடும். சற்றுநேரம் நடையில் நின்றாள். பிறகு நைஜலின் சைக்கிளை எடுத்தாள். ஏறி உட்கார மனம் வரவில்லை. தள்ளிக்கொண்டே சர்பிட்டன் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

நடைமேடையில் கூட்டம் நெரிந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஸ்டேஷன்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"மடிச்சுரும்மா. இந்த நேரத்துல விரிச்ச சைக்கிளை ஏத்த முடியாது."

"ஒரு ஓரமா நின்னுக்கிறேனே."

"எந்த ஓரம்? உள்ள மூச்சு விடவே எடமில்ல."

பின்சக்கரத்தை அடியில் மடக்கினாள். முன்பக்கத்தை ஒடித்துச் சேர்த்தாள். கைப்பிடியையும் இறக்கினாள். இருக்கையை மட்டும் அப்படியே விட்டுத் தூக்கினாள். அந்த வண்டியில் இருக்கைத் தண்டு கீழே இறங்கினால்தான் பூட்டு விழும். இரண்டடி வைப்பதற்குள் பின்சக்கரம் ஊஞ்சல்போல ஆடி வந்து பக்கத்தில் நின்றவரின் முழங்காலில் இடித்தது.

"யம்மாடி! சைக்கிளா இது, கழுதையா? உதைக்குதே!"

"மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க."

"சீட்டை இறக்கும்மா. புதுசா ஓட்டுறியா?" என்றார் ஸ்டேஷன்காரர்.

ரயில் வந்து நின்றது. இருக்கையை இறக்குமுன் அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ள மறுபடி விரித்தாள். பேனாவால் தண்டில் கோடு போடலாம் என்றால், உள்ளே இறங்கும்போதே வழித்துக்கொண்டு போய்விடும். இருக்கையை ஒட்டி நேராக நின்றாள். அதன் மேல்விளிம்பு அவள் கோட்டுப் பையின் வாய்க்குச் சரியாக வந்தது. பையின் வாய், பையின் வாய் என்று இரண்டு முறை தனக்குள் சொல்லிக்கொண்டு, தண்டின் இறுக்குப்பிடியைத் திறந்து அழுத்தினாள். தண்டு சத்தமில்லாமல் உள்ளே போனது. கதவு மூடும் ஒலி கேட்டது.

"இங்க குடு, இங்க!" உள்ளிருந்து ஒரு கை நீண்டு சைக்கிளை வாங்கிக்கொண்டது. நைஜலோடு தினமும் போகும் கோலின். அவனிடமும் அதேபோல ஒரு வண்டி. நைஜலின் சவ அடக்கத்துக்கு அதில்தான் வந்தான்.

ரயில் நகர்ந்தது. கோலின் வண்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அவனோடதா?"

தலையசைத்தாள். "இருக்கை அவன் வச்ச உயரத்துல இருந்துச்சு கோலின். நான் அழிச்சுட்டேன். கோட்டை வச்சு அளவு எடுத்திருக்கேன், ஆனா நிமிந்து நின்னேனா, குனிஞ்சு நின்னேனான்னு..." என்றாள்.

"எந்த உயரம்?" கோலின் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். "ஹெதர், நீ நெட்டைக்காரி. கடைசி வரைக்கும் இழுத்து விட்டுருவ, ஒனக்குத் தெரியாது. அவன் குட்டை, பாதியில நிறுத்தணும். தெனமும் ரயிலேற இறக்குவான், திரும்ப ஏத்துறதெல்லாம் குத்துமதிப்புதான். ஒருநாள்கூட சரியா வச்சதில்ல."

"பொய் சொல்லாத."

"வாட்டர்லூவுக்கு வெளிய முதல் சிக்னல்ல சைக்கிளை விட்டு எறங்குவான். கூட்டியோ கொறைச்சோ வைப்பான். உசரமாயிருந்தா 'ராத்திரி காலு குட்டையாயிருச்சு கோலின்'னு சொல்லுவான். தாழ்ந்திருந்தா 'காலு வளந்துருச்சு'. பதினோரு வருஷமா அதே ஜோக்கு. கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்தே போச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வழியில் ரயில் இரண்டு இடத்தில் காரணமில்லாமல் நின்றது. வாட்டர்லூவில் இறங்கியபோது ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. வண்டியை விரித்தாள். பழக்கத்தில் கை தண்டை முழுக்க இழுக்கப் போனது. நிறுத்தி, கோட்டுப் பையின் வாய்வரை மட்டும் இழுத்து இறுக்கி ஏறினாள்.

முழங்கால் கைப்பிடியில் இடித்தது. மிதிக்க மிதிக்கத் தொடை எரிந்தது, வேகம் வரவில்லை. பேருந்துகள் உரசிக்கொண்டு போயின. இப்படிப் போனால் விசாரணை தொடங்கிவிடும். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றாள்.

"காலு வளந்துருச்சு," என்றாள், யாருக்கும் கேட்காமல்.

இறங்கி, இறுக்குப்பிடியைத் திறந்து, இருக்கையைக் கடைசிவரை இழுத்தாள். பச்சை விழுந்துவிட்டது.

"ஏம்மா, போறியா, இங்கயே குடித்தனமா?" பின்னால் வேன்காரன் கத்தினான்.

ஏறி மிதித்தாள்.

தீர்ப்பாயத்தின் வாசற்படியில் இர்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். அவள் கைகள் வேகவேகமாகக் கேட்டன: எங்கே போனாய்? கூப்பிட்டுவிட்டார்கள்!

ஹெதர் இறங்கி வண்டியை மடக்கியபடியே ஒரு கையை மட்டும் தூக்கிப் பதில் சொன்னாள்: வந்துவிட்டேன், இரு. மறு கையால் இருக்கையை அழுத்தி இறக்கினாள். பூட்டு விழுந்தது.