பெட்டியைக் கட்டிக்கொண்ட அக்கா

அப்போது தாராவியில் எங்கள் எதிர் அறையில் ஓர் அக்கா குடியிருந்தாள். ஒல்லியான உடம்பு, நெற்றியோரம் நரை. அக்கம்பக்கத்தில் சண்டை மூண்டால் விலக்கப் போகமாட்டாள். அந்த வீட்டுக் கத்தி, அரிவாளை எடுத்துவந்து தன் இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுவாள். கோபம் தீர்ந்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பாள்.

ஒரு சாயங்காலம், தோல் பட்டறையில் வேலைபார்த்த பக்கத்து வீட்டுக்காரன் தன் தம்பியின் மண்டையை உடைத்துவிட்டு, ரத்தக் கையோடு அவள் கதவை உதைத்துத் திறந்தான். சண்டை மூண்டதுமே அவன் கத்தியை அவள் எடுத்துவந்து பூட்டியிருந்தாள்.

“தோல் சீவுத கத்திய எங்க வச்சிருக்க? எடு. இன்னைக்கு அவன வெட்டாம விடமாட்டேன்.”

“தரமாட்டேம்ல. போயிப் படு.”

அவன் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். வாயில் ரத்தம் வழிய, அவள் பெட்டிமேல் விழுந்து அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். முதுகில் மிதித்தான். அவள் பிடியை விடவில்லை. நாங்கள் ஓடிப்போய் அவனை இழுத்துப்போட்டோம்.

மறுநாள் தலைகுனிந்து வந்தான்.

“என்னிய மன்னிச்சிரு, அக்கா.”

“ஒந்தம்பி எப்படி இருக்கான்?”

“தையல் போட்டிருக்கு. கஞ்சி குடிச்சான்.”

“அது போதும்ல. கத்தி இன்னும் கொஞ்ச நாள் இங்கயே கெடக்கட்டும்.”

வீங்கிய உதட்டோடு சொன்ன அந்தக் குரலில் துளியும் கோபம் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.