ஒருவேளை அக்காவும் முப்பத்தெட்டு சாட்சிகளும்

நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் மூன்றும் ஒரே வளாகத்தில். மூன்றுக்கும் பட்டியல் எழுதுகிறவரை எல்லோரும் 'ஒருவேளை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். உறுதியாகத் தெரியாத எதையும் அவர் உறுதியாக எழுதியதில்லை. கையெழுத்தில்லாத அறுபது செடி ஓவியங்கள் வந்தபோது, வரைந்தவர் கட்டத்தில் அவற்றைக் கொடுத்த பேராசிரியரின் பெயரைப் போட்டார். பக்கத்துக் குறிப்புக் கட்டத்தில் 'ஒருவேளை' என்று எழுதினார். மனசாட்சி நிம்மதியாகத் தூங்கியது.

பிறகு திறந்த தரவு வந்தது. மூன்று பட்டியலையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் திறந்துவிடும் ஏற்பாடு. நல்ல காரியம்; அக்காதான் முதல் ஆளாகக் கை தூக்கினார். மாற்றிக்கொடுக்க வந்தவர்களுக்குக் குறிப்புக் கட்டம் இடைஞ்சலாக இருந்ததாம், கழற்றிவிட்டார்கள். பெயர் ஊர் சுற்றக் கிளம்பியது. 'ஒருவேளை' வீட்டோடு தங்கிவிட்டது.

போன மாதம், அந்த ஓவியங்களைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு தையற்காரம்மா பழைய நோட்டோடு வந்தார். அவருடைய அம்மா அந்தப் பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளராம். பதினேழாவது ஓவியத்தில் ஓர் இலையின் இடது ஓரத்தில் பூச்சி கடித்த ஓட்டை உண்டு. நோட்டிலும் அதே இலை, அதே ஓட்டை, பென்சிலில். பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தும் தேதியும்.

"வெள்ளிக்கிழமை கண்காட்சியில எங்கம்மா பேரு இருக்கும்ல?"

"இருக்கும்மா" என்றார் அக்கா. ஒருவேளை போடாமல் அவர் சொன்ன முதல் வாக்கு. சனியன் அங்கேதான் பிடித்தது.

கண்காட்சி அட்டைகள் நேராகத் தரவிலிருந்து அச்சாகும். தரவைத் திருத்தத் தரவு அதிகாரி தலையாட்ட வேண்டும். மனுஷர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"முப்பத்தெட்டு நூலகத்துல பேராசிரியர்னுதான்க்கா இருக்கு. நீங்க ஒருத்தர் மட்டும் மாத்திச் சொன்னா?"

"அந்த முப்பத்தெட்டும் நம்மகிட்ட எடுத்ததுதான் தம்பி."

"அப்ப முதல்ல பதிவு போட்டவங்க எழுதித் தரணும்."

"போட்டதே நான்தான்."

"நீங்களா? நீங்க போட்டா தப்பா இருக்காதேக்கா!"

அக்காவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நோட்டைக் காட்டினார். அச்சான ஆதாரம்தான் செல்லும் என்றார் அதிகாரி. அக்கா நாலு கடிதம் எழுதினார். கடைசியில் ஒரு சலுகை கிடைத்தது: "வேணும்னா குறிப்புக் கட்டத்துல போட்டுக்குங்க."

வீட்டில் சொல்லிப் புலம்பினார்.

"நீ சொன்னத முப்பத்தெட்டு இடத்துல கேக்குறாங்க. நான் சொன்னா இங்க காபிகூட வரமாட்டேங்குது" என்றார் கணவர். அன்று அவருக்குச் சாப்பாடும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை தையற்காரம்மா புதுச்சேலையில் வந்தார். பதினேழாவது ஓவியத்தின் முன்னால் நின்று அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"எங்கம்மா எங்க?"

அக்கா முப்பத்தெட்டு நூலகங்களையும் மனதுக்குள் வரிசையாகத் திட்டிவிட்டு, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேராசிரியர் பெயருக்கு முன்னால், அட்டையிலேயே, பெரிதாக 'ஒருவேளை' என்று எழுதினார்.

காவலாளி ஓடி வந்தார். "அக்கா, என்ன பண்றீங்க?"

"விட்டுப்போன குறிப்பு. பத்து வருஷமா பாக்கி" என்ற அக்கா, பேனாவைத் தையற்காரம்மாவிடம் நீட்டினார். "கீழ இடம் இருக்கு. நீங்களே எழுதுங்கம்மா. ஒருவேளை வேணாம்."