பச்சை ஒயர்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்றைக்குத் திருவொற்றியூரில் என் பட்டறைக்கு வந்து பாருங்கள், இன்ஜினியரிங் படித்த இரண்டு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். யாரும் கையைப் பிடித்து எனக்குத் தொழில் சொல்லித் தரவில்லை. பார்த்தேன், செய்தேன். மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும்போது, பழுது பார்க்கப் பாதிப் பேர் என்னைத்தான் தேடி வருவார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு.

பட்டறை கட்டுவதற்கு முன்னால் என்னிடம் இருந்தது ஒரே டிரில் மெஷின். இரும்பு உடம்பு. பழைய சாமான் கடையில் செத்துக் கிடந்ததை வாங்கி நானே உயிர் கொடுத்தது. எந்தத் தகடாக இருந்தாலும் வெண்ணெய் மாதிரி இறங்கும். கரண்டுக்கு ஐஸ் கம்பெனிச் சுவரில் இருந்த போர்டுதான் கதி. அங்கிருந்து இருநூறு அடி ஒயரை மூங்கில் மேல் போட்டுப் படகு வரைக்கும் இழுப்போம். போர்டில் இருந்தது இரண்டே ஓட்டை, எங்கள் பிளக்குக்கோ மூன்று கால். அதனால் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு ஒயர் முனையையும் சீவி ஓட்டைகளில் விட்டுத் தீக்குச்சியைச் செருகி இறுக்குவோம். துறைமுகத்தில் எல்லாரும் அப்படித்தான். மிஞ்சியது எர்த்துக்கான பச்சை ஒயர். வேலை இல்லாத ஒயர் எதற்கு என்று மெஷின் பக்கத்திலேயே அதை நறுக்கிவிட்டேன். சில நேரம் மெஷின் கையைச் சுருக்கென்று கடிக்கும்.

"கடிச்சா தான் உள்ள கரண்டு ஷோக்கா ஓடுதுன்னு அர்த்தம்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

மச்சான் மட்டும் சிரிக்க மாட்டான். என் மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருடம் என்னோடு வேலை செய்தவன். அவன் கை அளவு சொன்னால் டேப் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதை நான் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு தடைக்காலத்தின் தொடக்கத்தில் பேட்டரி டிரில் ஒன்றைக் கொண்டுவந்தான். கப்பலில் வேலை பார்த்த தோஸ்து ஒருவன் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தது. பிடித்திருந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் திருப்பிக் கொடு என்று சொல்லியிருந்தானாம்.

"மாமா, இத்த வாங்கிக்கலாம். ஒயரே வாணாம்."

பக்கத்துப் படகின் ஓனர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, அக்கா வூட்டு மிக்ஸியா?"

"பொம்ம நைனா. புள்ளைங்களுக்கு வாங்கியாந்துகிறான்" என்றேன் நான்.

"மெய்யாலுமே சொல்றேன் மாமா. படகு அடியில மீன் கெடங்குல எறங்கி வேல செய்ய சொல்லோ, கீய தண்ணி நிக்குது. அந்த மிஷின வச்சிகினு உள்ள போவ பயமா கீது."

பயம் என்ற சொல்தான் எனக்கு ஆகவில்லை. பத்துப் பேர் பார்க்க, தடித்த இரும்புத் தகடு ஒன்றை இழுத்துப் போட்டேன். "வா, போட்டி. எவன் மிஷின் மொதல்ல நாலு ஓட்ட போடுதுன்னு பாப்போம்."

"இரும்புக்கு இல்ல மாமா. கெடங்கு பலகைக்கு தான் கேட்டேன்."

காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. பலகையில் போட்டி வைத்தால் அவன் மெஷினும் சுளுவாக இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரும்பை எடுத்தேன். நான் நாலாவது ஓட்டையை முடித்தபோது அவனுடையது இரண்டாவதில் முனகி நின்றுவிட்டது.

"மிக்ஸி தூங்கிடுச்சு" என்றார் ஓனர். கை தட்டினார்கள். மச்சான் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வாரம் அதே ஓனரின் படகில் கிடங்குப் பலகை மாற்றும் வேலை. கணுக்காலளவு தண்ணீர் கசிந்து நின்றது. இறைத்துவிட்டு இறங்கலாம் என்றான் மச்சான். தடைக்காலம் முடிவதற்குள் இன்னும் ஆறு படகு பாக்கி இருந்தது. "ஒரு பலகையப் போட்டு அது மேல நின்னுகினு போடுறா" என்றேன். போட்டுக்கொண்டு நின்றான். மூன்று ஓட்டை போட்டான். நாலாவதுக்குச் சாய்ந்தபோது பலகை நழுவி, கால் தண்ணீருக்குள் போய்விட்டது.

கத்தவில்லை. மெஷின் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மெஷின் அவன் கையை விடவில்லை. படகுக்குள் அணைக்க ஒரு சுவிட்ச் இல்லை. இருநூறு அடி. லுங்கியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஓடினேன். வலையில் தடுக்கி ஒரு முறை விழுந்தேன். போர்டில் கை வைத்ததும் ஒயர் முனைகள் தீக்குச்சியோடு லேசாகக் கழன்று வந்துவிட்டன. அத்தனை லேசாக.

உயிர் தப்பினான். வலது கையில் மூன்று விரல் மடங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவிதான் கேட்டாள்.

"அவன் இன்னாத்துக்கு அந்த மிஷின கேட்டான்னு உனுக்கு தெரியாதாய்யா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

அதன் பிறகு அவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டான். எனக்குத் தொழில் வளர்ந்தது. பட்டறை கட்டினேன். பேட்டரி டிரில் நாலு வாங்கினேன், எல்லாம் கம்பெனிச் சரக்கு. வாடிக்கைக்காரர்களிடம், இந்தப் பக்கத்தில் இதை முதலில் இறக்கியவன் நான்தான் என்று சொல்லிவந்தேன்.

ஒரு நாள் பட்டறையில் ஒரு வாடிக்கைக்காரரிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மச்சான் வாசலில் நின்றிருந்தான். மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தவன். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. மேசையில் இருந்த டிரில்லை இடது கையால் எடுத்தான். கீழே கிடந்த பலகைத் துண்டில் வைத்து அழுத்தினான். நேராக இறங்கியது.

"வெய்ட்டே இல்ல, மாமா" என்றான். மேசையில் வைத்தான். பத்திரிகையை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, அக்காவைப் பார்க்கப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனான்.

வாடிக்கைக்காரர் டிரில்லின் விலை கேட்டார். எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.